30 அங்குலம்: காசு பத்தாதவர்கள் உண்டாக்கிய பேஸ் ஒலி

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த 'வந்து', 'ஆக்சுவலா' எல்லாவற்றையும் முடிந்தவரை எடுத்துவிட்டேன். பேஸ் வாசித்துக் காட்டும் இடங்களை அடைப்புக்குறிக்குள் குறித்திருக்கிறேன். அதை மட்டும் ஆடியோவில் கேளுங்கள்.)

இன்னைக்கு ஒரு கருவியோட வரலாறு. அதுக்கு முன்னாடி என் இடது மணிக்கட்டோட வரலாறு, ரெண்டே நிமிஷம்.

வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதல் போனஸில் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினேன். வழக்கமான அளவு, 34 அங்குல ஸ்கேல். ஸ்கேல் என்றால் கழுத்தின் உச்சியில் இருக்கும் நட்டுக்கும் கீழே இருக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் கம்பி அதிரும் நீளம். பகல் முழுக்க கீபோர்டு, ராத்திரி இரண்டு மணி நேரம் பேஸ். மூன்று வருஷம் ஓடியது. நாலாவது வருஷம் கட்டைவிரலின் அடியில் ஒரு வலி. காலையில் டம்ளரைத் தூக்க முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் என் கையைப் பார்த்துவிட்டு, "விரலை இவ்வளவு விரிச்சு என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். கம்ப்யூட்டரை விட முடியாது, அதுதான் சோறு. அப்போ விட வேண்டியது பேஸா? ஆறு வாரம் அதைத் தொடாமல் இருந்தேன். அந்த ஆறு வாரமும் மனசில் ஓடியது அந்த ஒரு கேள்விதான்.

அப்புறம் ஒருத்தர் "ஷார்ட் ஸ்கேல் பாரேன்" என்றார். கடைக்குப் போய்க் கேட்டேன். "சார், அது சின்னப் பசங்க கத்துக்கிறதுக்கு வாங்குறது." சத்தியமாச் சொல்றேன், அது கொஞ்சம் சுருக்கென்று குத்தியது. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததன் சுருக்கம் தான் இந்த எபிசோட்.

முதலில் கணக்கு

இஞ்சினியர் புத்தி, கணக்கில்லாமல் நகராது. 34 அங்குல பேஸில் நட்டிலிருந்து நாலாவது ஃப்ரெட் வரை தூரம் சுமார் 7 அங்குலம். 30 அங்குல பேஸில் சுமார் 6.2. முக்கால் அங்குலம் தானே என்று தோன்றும். சுண்டுவிரலைக் கேளுங்க, அது சொல்லும்.

இரண்டாவது, இழுவிசை. ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், அதன் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30-ஐ 34-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.78 வரும். அதாவது கம்பி சுமார் 22 சதவீதம் தளர்வாக இருக்கும். அழுத்துவது சுலபம். கூடவே ஒலியும் மாறும். தளர்ந்த கம்பி அகலமாக ஆடுகிறது. ஒலியில் கணகணப்பு குறைந்து, அடிச்சுருதி உருண்டையாக, 'தும்' என்று வருகிறது. அறுபதுகளின் பாடல்களில் நாம் ரசிக்கும் 'பழைய ஒலி'யில் பெரும்பங்கு இந்த 'தும்' தான்.

(இங்கே இரண்டு பேஸிலும் கீழ் இ கம்பியை மீட்டுகிறேன். முதலில் 34, அடுத்து 30.)

குட்டை தான் முதலில் வந்தது

பேஸ் கிட்டாரின் கதையைப் பெரும்பாலும் 1951-இலிருந்து தொடங்குவார்கள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்த வருஷம் அது. அதற்கு முன் இசைக்குழுக்களில் இருந்தது ஆள் உயர டபுள் பேஸ். அதன் கம்பி நீளம் 41, 42 அங்குலம் இருக்கும். பஸ்ஸில் ஏற்ற முடியாது, டிரம்ஸ் சத்தத்தில் கேட்கவும் கேட்காது. ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டும் பலகையாக்கி, ஃப்ரெட் வைத்து, 34 அங்குலத்தில் நிறுத்தினார். ஃப்ரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும். பிரிசிஷன் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அந்த 34 தான் இன்றுவரை 'வழக்கமான அளவு'.

ஆனால் 1930-களிலேயே அமெரிக்காவின் சியாட்டிலில் பால் டுட்மார்க் என்பவர் ஆடியோவாக்ஸ் 736 என்ற மின்சார பேஸைச் செய்து விற்றார். நாலு கம்பி, ஃப்ரெட், ஒரு பிக்கப், மடியில் வைத்து வாசிக்கலாம். பெரிதாக விற்கவில்லை, உலகம் மறந்துவிட்டது. அதன் ஸ்கேல் சுமார் 30½ அங்குலம். ஆக, ஃபெண்டருக்குப் பதினைந்து வருஷம் முன்பு வந்த பேஸே ஷார்ட் ஸ்கேல் தான். 'சின்னப் பசங்க சைஸ்' என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஒப்பிட வேறு சைஸே கிடையாதே.

1953-இல் கிப்சன் கம்பெனி ஃபெண்டருக்குப் போட்டியாக ஒன்றை இறக்கியது. வயலின் வடிவம், 30½ அங்குலம். கீழே இழுத்து நீட்டும் ஒரு கம்பிக்கால் வைத்திருந்தார்கள். டபுள் பேஸ் வாசித்துப் பழகியவர் அதை நிறுத்தி வைத்தும் வாசிக்கலாம். பிக்கப்பைக் கழுத்துக்கு ஒட்டி வைத்தார்கள். கம்பி அங்கே அகலமாக ஆடுவதால் அடிச்சுருதி கனமாக வரும். இதே வழியில் 1959-இல் இபி-0, 1961-இல் இபி-3 வந்தன. கிரீம் குழுவின் ஜாக் புரூஸ் கையில் நாம் பார்ப்பது இந்த இபி-3. அந்தக் கரகரத்த, கனத்த ஒலியைக் கேட்டவர் யாரும் அதைக் குழந்தைகள் கருவி என்று சொல்லமாட்டார்.

முப்பது பவுண்டு

இப்போ ஜெர்மனிக்குப் போவோம். ஹோஃப்னர் என்பது வயலின் செய்யும் குடும்பம். 1887-இல் கார்ல் ஹோஃப்னர் ஷோன்பாக் என்ற ஊரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஜெர்மன் மொழி பேசுபவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களோடு இந்தக் குடும்பமும் கிளம்பி, பவேரியாவின் புபென்ராய்ட்டில் மறுபடி பட்டறை போட்டது. கார்லின் மகன் வால்டர், 1950-களின் நடுவில் ஒரு பேஸ் வடிவமைத்தார். கைக்குத் தெரிந்த வேலை வயலின் வேலை. அதனால் அதுவும் வயலின் மாதிரியே வந்தது: உள்ளே கூடு, ஸ்ப்ரூஸ் மரத்தில் முகப்பு, மேப்பிளில் முதுகு, 30 அங்குல ஸ்கேல். 1956-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்குப் போனது. பெயர் 500/1.

1961, ஹாம்பர்க். பீட்டில்ஸ் குழுவின் பேஸ் கலைஞர் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஓவியம் படிக்கப் போகிறேன் என்று விலகுகிறார். மற்றவர்கள் யாருக்கும் பேஸ் வாசிக்க விருப்பமில்லை. கடைசியில் பால் மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. ஃபெண்டர் வாங்க 100 பவுண்டு பக்கம் ஆகும். அவரால் முடிந்தது 30. ஹோஃப்னர் அந்த விலைக்குள் கிடைத்தது. இன்னொரு வசதியும் இருந்தது. அவர் இடது கைக்காரர். வயலின் வடிவம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாகத் தெரியாது. இந்த இரண்டு காரணத்தையும் அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒலியைத் தேடிப் போய் வாங்கியதல்ல அது.

குழுவின் முதல் ஆல்பத்தில் கேட்பது அந்த பேஸ் தான். 1963-இல் இன்னொரு ஹோஃப்னர் வந்தது. 1965-இலிருந்து ரிக்கன்பேக்கரும் வாசித்தார். ஆனால் 1969 ஜனவரியில் லண்டன் மொட்டைமாடியில் நடந்த கடைசிக் கச்சேரியில் அவர் தோளில் தொங்கியது ஹோஃப்னர். அதற்குள் அவர் நினைத்த எந்தக் கருவியையும் வாங்க முடிந்த ஆள்.

அந்த முதல் 1961 பேஸ் 1972-இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. ஐம்பது வருஷம் கழித்து, இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, அவரிடமே திரும்பியது. செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. முப்பது பவுண்டு சாமானுக்கு இவ்வளவு தேடல்.

அட்டையில் செய்த கிட்டார்

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நேதன் டேனியல் என்பவர் டேன்எலெக்ட்ரோ கம்பெனி நடத்தினார். அவர் செய்த கிட்டார்களை சியர்ஸ் கம்பெனி சில்வர்டோன் என்ற பெயரில் சாதாரண வீடுகளுக்கு விற்றது. விலையைக் குறைத்தே ஆகவேண்டும். மரச்சட்டம் ஒன்றைச் செய்து, மேலும் கீழும் மேசனைட் பலகை ஒட்டினார். மேசனைட் என்றால் மர நாரை அழுத்திச் செய்யும் ஹார்ட்போர்டு தான், அலமாரிக்குப் பின்னால் அடிப்போமே, அது. பிக்கப்புக்கு உறை வேண்டுமா? லிப்ஸ்டிக் குழாய். 1958-இல் வந்த இவருடைய லாங்ஹார்ன் பேஸ், மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டு நீண்ட கொம்போடு இருக்கும். ஸ்கேல் 30-க்கும் கொஞ்சம் குறைவு. அந்தக் கூட்டு உடம்பின் ஒலியை இன்றைக்கு மறுபதிப்பு போட்டு விற்கிறார்கள், அதே மாதிரி பலகையிலேயே.

சரி, 'பசங்க சைஸ்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1966-இல் ஃபெண்டர் தன் முதல் ஷார்ட் ஸ்கேல் பேஸான மஸ்டாங்கைக் கொண்டுவந்தது. 30 அங்குலம். கம்பெனி அதற்கு முந்தைய வருஷமே சிபிஎஸ் கைக்குப் போய்விட்டது. லியோ ஃபெண்டர் அங்கே கடைசியாக வடிவமைத்த பேஸ் இது. மாணவர்களுக்கான வரிசையில் வைத்தார்கள். 1971-இல் இன்னும் மலிவாக மியூசிக்மாஸ்டர் பேஸ். செலவைக் குறைக்க கிட்டாரின் ஆறு முனை பிக்கப்பையே நாலு கம்பிக்கு அடியில் வைத்துவிட்டார்கள். ஃபெண்டர் விலைப்பட்டியலில் விழுந்த அந்த 'மாணவர்' முத்திரை தான், என் காதில் கடைக்காரர் குரலில் விழுந்தது என்று நினைக்கிறேன்.

கருவி பாதி, கம்பி பாதி

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லணும். பழைய ஒலிக்கு ஸ்கேல் மட்டும் காரணமில்லை. டெட்ராய்ட்டின் மோடவுன் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வைத்திருந்தது 34 அங்குல பிரிசிஷன், 1962 மாடல். ஆனாலும் அந்த 'தும்' இருக்கிறது. காரணம், அவர் போட்டது ஃப்ளாட்வூண்ட் கம்பி. அதாவது, பட்டையான நாடாவைச் சுற்றிய வழுவழுப்பான கம்பி. அதை அவர் மாற்றவே மாட்டார் என்பது பிரபலமான கதை. பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டும் உண்டு. அது ஒலியை நீளவிடாமல் வெட்டும்.

1966-இல் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விஸ்டில் ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு சேர்ந்து, பியானோக் கம்பி மாதிரி கணீரென்று ஒலிக்கும் ரவுண்ட்வூண்ட் பேஸ் கம்பியை உருவாக்கினார். இன்றைக்குக் கடையில் வாங்கும் பேஸ் பெரும்பாலும் அந்த வகைக் கம்பியோடு தான் வரும். அதனால் புது ஷார்ட் ஸ்கேலை வாங்கி அப்படியே மீட்டிவிட்டு, "பழைய ஒலி வரலையே" என்று திட்டாதீங்க.

அப்போ எதை வாங்குறது?

இந்த வரலாற்றை வைத்தே தேர்ந்தெடுக்கலாம். கூட்டு ஒலி, உடனே அமுங்கும் 'தும்' வேண்டுமா? ஹோஃப்னரின் மலிவு வரிசையான இக்னிஷன் பாருங்க. எடை குறைவு, தோளுக்கு நல்லது. ஆம்ப் சத்தத்தைக் கூட்டினால் கூட்டு உடம்பு ஊளையிடும், அதை மனசில் வையுங்க. பிரிசிஷன் மாதிரி பலகை உடம்பின் உறுதி வேண்டுமா? ஸ்க்வையரின் கிளாசிக் வைப் மஸ்டாங். இன்னும் குறைந்த செலவில் வேண்டுமா? ஸ்க்வையர் பிராங்கோ. ஒரே ஒரு பிக்கப், பழைய மியூசிக்மாஸ்டரின் பேரன் என்று சொல்லலாம். கிப்சன் வகைக் கனம் வேண்டுமென்றால், கழுத்துக்கு ஒட்டிய பிக்கப் இருக்கிறதா என்று பாருங்க. அந்த வகையில் தோள்பட்டையில் மாட்டியதும் கழுத்து கீழே சாயும் தொல்லை உண்டு. கடையில் நின்றுகொண்டு, கையை எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்க. சாய்ந்தால் தாங்கிப் பிடிக்கப்போவது உங்க இடது கை தான்.

பட்ஜெட்டை முழுசாக் கருவியில் போடாதீங்க. ஷார்ட் ஸ்கேல் ஃப்ளாட்வூண்ட் செட் ஒன்றுக்கு ஒதுக்குங்க. நீளம் பார்த்து வாங்கணும். சில மஸ்டாங் வகைகளில் கம்பி உடம்பின் பின்பக்கமிருந்து நுழைந்து வரும், அதற்குக் கூடுதல் நீளம் வேண்டும். ஸ்பாஞ்சுக்குச் செலவே இல்லை, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு துண்டு போதும்.

நான் வாங்கினது பலகை உடம்பு, 30 அங்குலம், செகண்ட் ஹேண்ட். 34-ஐ விற்ற பணத்தில் பேஸும் வந்தது, கம்பியும் வந்தது. மணிக்கட்டு முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்துகிறேன், பிசியோ சொன்ன பயிற்சிகளைச் செய்கிறேன். உங்களுக்கும் வலி இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்க, கருவியை மாற்றுவது அடுத்தது. ஆனால் தினமும் வாசிக்கிறேன். டம்ளரைத் தூக்க முடிகிறது.

(கடைசி ஒரு நிமிஷம்: பிரிட்ஜுக்கு அடியில் ஸ்பாஞ்சு வைத்து ஒருமுறை, எடுத்துவிட்டு ஒருமுறை. ஹெட்ஃபோனில் கேட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.)

உங்க வீட்டில் தூசி படிந்த சின்ன பேஸ் ஏதாவது இருந்தா, எடுத்துக் கம்பி மாத்திப் பாருங்க. எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.