மோட்டன் பாடசாலை மாணவரும் 1951ஆம் ஆண்டு வசந்தமும்

சரித்திரம் என்றதும் அரசர் செய்த போர்களும், அமைச்சர் எழுதிய உடன்படிக்கைகளுமே நம் மனக்கண்முன் தோன்றுவது வழக்கம். ஒரு பள்ளிக்கூடத்துப் பாடகர் குழுவும், நாடக மன்றமும், மாணவர் சங்கமும் சரித்திரத்தில் இடம்பெறத் தக்கன என்று சொன்னால் நம்மிற் பலர் நகைப்பர். ஒருகாலத்தில் நாமும் நகைத்திருப்போம். மிஷன் பாடசாலையொன்றில் நாம் பயின்ற நாள்களில், தை பிறந்தால் விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி, பின்னர் விவாத அரங்கு, அதன்பின் நாடக ஒத்திகை என மாலைப்பொழுதுகள் கழியும். வீட்டுக்கு நேரஞ்சென்று போனால், “படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கூத்தெல்லாம் என்னத்துக்கு?” என்று பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை. பல்கலைக்கழகத்திற் புகுந்து வரலாற்றைப் பாடமாக எடுத்த பின்னரே விடை கிடைத்தது. அது கிடைத்த இடம், அமெரிக்க தேசத்து வேர்ஜீனியா மாநிலத்தில் பார்ம்வில் என்னும் சிற்றூரில் அமைந்த ஓர் உயர்தரப் பாடசாலையாகும்.

யாழ்ப்பாணத்தார் அமெரிக்கரைக் கல்வியின் பெயராலேயே முதலில் அறிந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியையும், 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் நிறுவியவர்கள் அமெரிக்க மிஷனரிமார். கடல்கடந்து வந்து நம் பெண்மக்களுக்கு எழுத்தறிவித்த அந்தத் தேசத்தின் ஒரு பகுதியாகிய வேர்ஜீனியாவிலோ, 1831இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, கறுப்பின மக்களை ஓரிடத்திற் கூட்டி எழுத்து வாசிப்புக் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. அடிமைத்தனம் 1865இல் ஒழிந்தது. ஆயினும், இரு இனத்தாருக்கும் வசதிகள் சமமாயிருப்பின் அவர்களைப் பிரித்துவைப்பது சட்டத்துக்கு மாறன்று என 1896இல் அமெரிக்க அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிவினை எங்கும் நிலைத்தது. சமத்துவம் ஏட்டளவில் நின்றது.

பார்ம்வில், பிரின்ஸ் எட்வேட் என்னும் பிரிவின் தலைமை ஊர். நமது குடாநாட்டைப் போலவே அதுவும் புகையிலை விளையும் மண். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென 1939இல் கட்டப்பட்டதே றொபேட் றூசா மோட்டன் உயர்தரப் பாடசாலை. 180 மாணவருக்கென அமைக்கப்பட்ட அக்கட்டடத்தில் 1951ஆம் ஆண்டளவில் 450க்கும் மேற்பட்டோர் நெருங்கியிருந்தனர். உடற்பயிற்சிக் கூடமோ, உணவுச்சாலையோ அங்கு இல்லை. மண்டபத்திலே ஒரே நேரத்திற் பல வகுப்புகள் நடந்தன. பழைய பஸ் வண்டிக்குள்ளும் பாடம் நடந்ததுண்டு. இடநெருக்கடி முற்றியபோது, அதிகாரிகள் பலகைச் சட்டங்கள்மீது தார்க் காகிதம் போர்த்த கொட்டில்கள் சிலவற்றை எழுப்பிக் கொடுத்தார்கள். தூரத்திலிருந்து பார்ப்போர் அவற்றைக் கோழிப் பண்ணை என எண்ணிக்கொள்வர். மழை பெய்தால் கூரை ஒழுகும். பிள்ளைகள் குடை பிடித்தபடி எழுதுவார்கள். குளிர்காலத்தில் அடுப்பருகே இருந்தவன் வெந்து வியர்ப்பான். மூலையிலிருந்தவன் மேலங்கியைக் கழற்றாமல் நடுங்குவான். அதே ஊரில் வெள்ளையர் பிள்ளைகளுக்கு அமைந்த பாடசாலையில் உடற்பயிற்சிக் கூடம், உணவுச்சாலை, நோயுற்றோருக்கான அறை யாவும் இருந்தன.

பெரியவர்கள் வாளாவிருந்தார்களா? இல்லை. முதலாம் பப்திஸ்து தேவாலயத்தின் போதகர் பிரான்சிஸ் கிரிபின் தலைமையில் பெற்றார் ஆசிரியர் சங்கத்தினர் பாடசாலைச் சபையாரிடம் மாதந்தவறாது சென்று புதிய கட்டடம் கேட்டனர். அதிபர் போயிட் ஜோன்சும் அம்முயற்சியில் உடனின்றார். “ஆகட்டும், பார்ப்போம்” என்ற வகை மறுமொழியே கிடைத்து வந்தது. ஈற்றில், இனிக் கூட்டத்துக்கு வரவேண்டியதில்லை, முடிவை நாமே அறிவிப்போம் எனச் சபையார் சொல்லி அனுப்பினர். வாசற்படி அடைபட்டது.

கட்டடத்தாற் பாழ்பட்டிருந்த அப்பாடசாலை, மாணவர் முயற்சிகளால் உயிர்ப்போடு விளங்கியது. பாடகர் குழு ஒன்று; நாடக மன்றம் ஒன்று; மாணவர் சங்கம் ஒன்று; கமத்தொழில் பயிலும் இளைஞருக்கும் மனையியல் பயிலும் பெண்களுக்கும் தனித்தனிக் கழகங்கள். வசந்தம் பிறந்தால் நாடகங்களும் இசைநிகழ்ச்சிகளும் வருடமுடிவு விழாவுக்கான ஆயத்தங்களும் தொடரும். பாடசாலையின் விழா ஊரவரின் விழாவாகும். வேறு பொதுமண்டபம் எதற்குள்ளும் சமமாக நுழைய முடியாத மக்களுக்கு, தேவாலயமும் பள்ளிக்கூடமுமே கூடிக் களிக்கும் இடங்களாய் இருந்தன.

இக்கழகங்களில் ஈடுபட்டிருந்தவள் பார்பரா றோஸ் ஜோன்ஸ் என்னும் பதினாறு வயது மாணவி. அதிகம் பேசாத சுபாவம் உடையவள். நூல்களை விரும்பி வாசிப்பவள். அஞ்சாத பேச்சுக்குப் பெயர்பெற்ற போதகர் வேர்ணன் ஜோன்ஸ் அவளுடைய பெரிய தகப்பனார். கழக நிகழ்ச்சிகளுக்காக வேறு ஊர்ப் பாடசாலைகளுக்குச் சென்றபோது, அங்குள்ள கட்டடங்களைக் கண்டு தன் பாடசாலையின் நிலையை நினைந்து அவள் மனம் நொந்தாள். ஒருநாள் பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்டுத் தெருவோரம் நின்றபோது, வெள்ளையர் பிள்ளைகளை ஏற்றிய பஸ் பாதி வெறுமையாய் அவளைக் கடந்து போயிற்று. தன் மனக்குறையை அவள் சங்கீத ஆசிரியையிடம் சொன்னாள். அதற்கு நீயே ஏதாவது செய்யக்கூடாதா என்று ஆசிரியை கேட்டார். அவ்வினா அப்பிள்ளையின் நெஞ்சில் தைத்தது.

அவள் முதலில் நாடியது மாணவர் சங்கத்தைத்தான். சங்கத் தலைவி கரி ஸ்டோக்ஸ், அவளது சகோதரன் ஜோன் ஸ்டோக்ஸ் முதலிய நம்பிக்கைக்குரிய சிலரை விளையாட்டு மைதானத்துப் படிவரிசையில் இரகசியமாகக் கூட்டிப் பேசினாள். பெற்றார் மன்றாடியும் பயனில்லாது போயிற்று. இனி மாணவரே எழவேண்டும் என்பது அவள் வாதம். திட்டம் பல மாதங்களாக உருவாயிற்று. ஆசிரியர் அறியார், பெற்றார் அறியார். வீட்டில் ஒரு சொல்லும் விழாமல் இத்தனை இளம் பிள்ளைகள் அந்த இரகசியத்தைக் காத்தனர் என்பதை நினைக்குந்தோறும் வியப்பு உண்டாகிறது.

1951ஆம் ஆண்டு ஏப்ரில் 23ந் திகதி, திங்கட்கிழமை. முற்பகல் பதினொரு மணி நெருங்குகையில் அதிபருக்கு ரெலிபோனில் ஒரு செய்தி வந்தது: மாணவர் சிலர் பஸ் நிலையத்தில் அகப்பட்டுக்கொண்டனர், பொலிசார் பிடிக்கப்போகின்றனர் என்று. அவர் பதறிப் புறப்பட்டார். உடனே வகுப்பு வகுப்பாகத் துண்டுகள் போயின. எல்லாரும் மண்டபத்துக்கு வருக என்னும் அத்துண்டுகளின் அடியில் அதிபரின் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. பார்பரா ஜோன்சின் முதலெழுத்துகளும் அவையே. மண்டபம் நிறைந்தது. திரை விலகியது. அதிபர் நிற்பார் என எதிர்பார்த்த மேடையில் பார்பரா நின்றாள். ஆசிரியர்கள் வெளியேறவேண்டுமென்று கேட்டாள். தயங்கியவர்களைக் கண்டு, காலணியைக் கழற்றித் தட்டித் தன் சொல்லை வற்புறுத்தினாள். பின்னர் சகமாணவருக்கு நிலைமையை எடுத்துரைத்து, புதிய பாடசாலை கிடைக்கும்வரை வகுப்புகளைப் பகிஷ்கரிப்போம் என்றாள். மாணவர் முழுப்பேரும் எழுந்தனர். முன்னரே எழுதிவைத்த அட்டைகள் அவர்கள் கைகளுக்கு வந்தன. திரும்பி வந்த அதிபர் நிறுத்தும்படி வேண்டினார், அவர்கள் நிறுத்தவில்லை.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். குருவைப் பொய் கூறி அப்புறப்படுத்தியது முறையோ என நம் பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அதிபர் அங்கிருந்தால் பழி அவர்மேல் விழும் என்பதற்காகவே அவரை அகற்றினோம் என்பது மாணவர் கூற்று. ஆயினும் பழி அவர்மேலேயே விழுந்தது. அவர் தம் பதவியை இழந்தார். நல்ல நோக்கம் கொண்ட செயலின் தண்டனையைச் செய்யாதவர் அனுபவிக்க நேர்வதுண்டு. இதனை மறைத்துவிட்டு அம்மாணவரைப் புகழ்வது சரித்திரமாகாது.

மண்டபத்தில் நிகழ்ந்த அனைத்தும் மன்றங்களிற் கற்ற பாடங்களே என்பதை வாசகர் இதற்குள் உணர்ந்திருப்பர். திரைக்குப் பின்னால் நின்று தருணம் பார்ப்பது நாடக மேடை கற்பித்தது. ஒரே குரலில் இயங்குவது பாடகர் குழு கற்பித்தது. முடிவெடுத்து அதற்குக் கட்டுப்படுவது மாணவர் சங்கம் கற்பித்தது. கற்பித்த ஆசிரியர்கள் இப்பயனை எண்ணிக் கற்பிக்கவில்லை. கற்ற பிள்ளைகள் தேவை வந்தபோது எடுத்துக்கொண்டார்கள்.

பகிஷ்காரம் தொடங்கியதும் பார்பராவும் கரி ஸ்டோக்சும் றிச்மன்ட் நகரிலிருந்த நியாயவாதிகளுக்குக் கடிதம் எழுதினர். ஒலிவர் ஹில், ஸ்பொட்ஸ்வுட் றொபின்சன் என்னும் இருவரும் ஏப்ரில் 25ந் திகதி பார்ம்வில்லுக்கு வந்து, தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் மாணவரைச் சந்தித்தனர். வகுப்புக்குத் திரும்புங்கள் என்று புத்தி சொல்லவே அவர்கள் வந்தனர். பிள்ளைகளின் ஒழுங்கையும் உறுதியையும் கண்டு மனம் மாறினர். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தனர்: நல்ல கட்டடம் கேட்டு வழக்காட மாட்டோம், பிரிவினையையே ஒழிக்கக் கேட்டால் வழக்காடுவோம், பெற்றாரும் சம்மதிக்க வேண்டும் என்பதே அது. கூரை ஒழுகுகிறது என்று தொடங்கிய முறைப்பாடு இவ்வாறு ஒரு தேசத்தின் கேள்வியாயிற்று.

பெரியவர்கள் எல்லாரும் ஒருமுகமாக இசையவில்லை. மே 3ந் திகதி தேவாலயத்தில் நிகழ்ந்த கூட்டத்தில் முன்னாள் அதிபரொருவர் எழுந்து, இவ்வழி ஆபத்தானது என எச்சரித்தார். சபை தளம்பியது. பார்பரா எழுந்து அவரைக் கடுமையாக மறுத்துரைத்தாள். போதகர் கிரிபின் பிள்ளைகளின் பக்கமே நின்றார். அவர் மாணவரைத் தூண்டியவரல்லர், பகிஷ்காரத்தைத் திட்டமிட்டவருமல்லர். ஆனால் அவர்கள் வந்து கதவைத் தட்டியபோது மண்டபத்தைத் திறந்துகொடுத்தார். அதற்காகப் பின்னாளில் வறுமையையும் பகையையும் ஏற்றார். மூத்தோர் இளையோருக்குச் செய்யக்கூடிய உதவிக்கு இதனினும் சிறந்த உதாரணம் நாம் அறியோம்.

மே 7ந் திகதி மாணவர் வகுப்புக்குத் திரும்பினர். மே 23ந் திகதி 117 மாணவரின் சார்பில் வழக்குத் தாக்கலாயிற்று. முதற்பெயராக இருந்த டொறதி டேவிஸ் என்னும் மாணவியின் பெயராலேயே அது வழங்கலாயிற்று. 1952இல் கீழ்மன்றம் பிரிவினையை நீக்க மறுத்தது. கட்டடங்களைச் சமப்படுத்துமாறு மட்டும் பணித்தது. 1953இல் புதிய பாடசாலை எழுந்தது. ஆனால் வழக்கு நிற்கவில்லை. அதியுயர் நீதிமன்றத்தில் அது வேறு நான்கு வழக்குகளோடு சேர்க்கப்பட்டது. 1954ஆம் ஆண்டு மே 17ந் திகதி, பாடசாலைகளில் இனப்பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என ஒன்பது நீதியரசரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அந்த ஐந்து வழக்குகளுள் மாணவரின் பகிஷ்காரத்திற் பிறந்தது இது ஒன்றே.

கதை இத்துடன் முடிந்திருந்தால் கேட்க இனிதாயிருக்கும். உண்மையோ கசப்பானது. கறுப்பினப் பிள்ளைகளோடு தம் பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பதைவிடப் பாடசாலையே இல்லாமற்போவது மேல் என்று பிரின்ஸ் எட்வேட் அதிகாரிகள் எண்ணினர். 1959இல் பொதுப் பாடசாலைகள் அனைத்துக்கும் பணம் மறுத்துப் பூட்டினர். வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலை திறக்கப்பட்டது. ஏறக்குறைய 1,700 கறுப்பினப் பிள்ளைகள் தெருவில் விடப்பட்டனர். சிலர் உற்றாரோடு வேற்றூர் சென்றனர். சிலர் தேவாலயக் கீழ்மண்டபங்களிற் கற்றனர். பலர் கல்வியை முற்றாக இழந்தனர். கிரிபின் தம் பிள்ளைகளின் பெயரில் தொடுத்த வழக்கிலே 1964இல் அதியுயர் நீதிமன்றம் பாடசாலைகளைத் திறக்கக் கட்டளையிட்டபோது ஐந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. பகிஷ்காரம் செய்தவர்களின் தம்பி தங்கையரே அதன் விலையைச் செலுத்தினர்.

பார்பராவையும் ஆபத்து நெருங்கியது. பாதுகாப்புக் கருதி அவள் மொன்ட்கொமறியிலிருந்த பெரிய தகப்பனாரிடம் அனுப்பப்பட்டாள். தான் எழுப்பிய பாடசாலையில் அவள் படித்து முடிக்கவில்லை. பின்னாளில் பிலடெல்பியாவில் நூலகராகக் கடமையாற்றி, ஐந்து பிள்ளைகளை வளர்த்து, அமைதியாக வாழ்ந்து 1991இல் அம்மையார் காலமானார். பழைய பாடசாலைக் கட்டடம் இப்பொழுது அரும்பொருட்சாலையாக விளங்குகிறது. அமெரிக்கப் பாராளுமன்ற மாளிகையில் வேர்ஜீனியாவின் சார்பில் நின்ற, அடிமை முறையைக் காத்த தரப்பின் தளபதி லீயின் சிலை 2020இல் அகற்றப்பட்டது. அவ்விடத்துக்கு அம்மாநிலத்தார் தெரிவு செய்தது பார்பரா றோஸ் ஜோன்சின் சிலையை.

இது அயலூர்க் கதை என நாம் ஒதுக்கிவிட முடியாது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர இடமின்றி நிலத்தில் இருந்து கற்ற பள்ளிக்கூடங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தன. 1930ஆம் ஆண்டையொட்டிச் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற கட்டளை நடைமுறைக்கு வந்தபோது, பாடசாலைகள் சில தீக்கிரையாயின. வேற்றினத்தார் செய்த அநீதியன்று அது. நம்மவர் நம்மவருக்குச் செய்தது. பார்ம்வில்லின் பூட்டிய கதவைப் பழிக்கும்போது, நம் பாட்டன் பூட்டன் காலத்துச் சாம்பலையும் நினைத்தல் வேண்டும்.

சங்கத்து இளைஞரே, கூட்டக் குறிப்பு எழுதுவதும், கதிரை அடுக்குவதும், மேடையில் நடுங்கிப் பேசுவதும் அற்பமென்று எண்ணாதீர்கள். எந்த நாளில் எதற்குத் தேவைப்படும் என்று நாம் அறியோம். பெரியோரே, பிள்ளை நேரஞ்சென்று வந்தால் கடிந்துகொள்ளுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் அவன் எங்கிருந்து வருகிறான், அங்கே எதைப் பேசினார்கள் என்றும் ஒருமுறை கேளுங்கள். ஒருவேளை, மண்டபத் திறப்பு ஒன்று அவனுக்கு வேண்டியிருக்கலாம்.