சிண்ட்ரெல்லா சட்டமும் எங்க வீட்டு மோடமும்

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு மோடத்தை அணைச்சேன். பத்தே நிமிஷத்துல பையன் ரூம்ல மறுபடியும் துப்பாக்கிச் சத்தம். என் போன்லேர்ந்தே ஹாட்ஸ்பாட் போட்டிருக்கான்! "இதுக்கெல்லாம் அரசாங்கமே ஒரு சட்டம் போடணும்"னு கத்திட்டேன். கத்தின பிறகுதான், தென்கொரியாக்காரங்க போட்டுப் பார்த்த கதை ஞாபகம் வந்துச்சு.

அவங்களுக்கு நள்ளிரவுத் தடை புதுசு இல்லீங்க. 1945லேர்ந்து 1982 ஜனவரி வரைக்கும் அங்கே ராத்திரி ஊரடங்கு உண்டு. 12 மணிக்கு மேல தெருவுல நடக்கக் கூடாது. அந்தக் காலத்துல வளர்ந்தவங்க அப்பா அம்மா ஆனப்போ, வீட்டுக்கு வீடு அதிவேக இணையம் வந்துடுச்சு. 'பி.சி. பாங்' எனப்படும் கம்ப்யூட்டர் விளையாட்டு நிலையங்கள்ல ராத்திரி 10 மணிக்கு மேல சின்னப் பசங்களை விடமாட்டாங்க. ஆனா வீட்டுக்குள்ள யார் கேக்குறது?

அதுக்குத்தான் 2011 நவம்பர் 20லேர்ந்து ஒரு சட்டம். 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஆன்லைன் விளையாட்டு கிடையாது. கதவைச் சாத்த வேண்டியது விளையாட்டு நிறுவனங்கள். 'சிண்ட்ரெல்லா சட்டம்'னு பேர் வெச்சாங்க. 2014ல அரசியல் சாசன நீதிமன்றமும் செல்லும்னு சொல்லிடுச்சு.

பசங்க சும்மா இருப்பாங்களா? அப்பா அம்மாவோட குடியிருப்புப் பதிவு எண்ணைப் போட்டு உள்ளே போனாங்க. போன் விளையாட்டுகளைச் சட்டம் தொடவே இல்லை. மெல்ல மெல்ல ஆட்டமெல்லாம் அங்கேயே குடிபோயிடுச்சு. உச்சகட்டக் கூத்து 2021ல. உலகம் பூரா குழந்தைங்க கட்டி விளையாடுற மைன்கிராஃப்ட், கொரியாவுல மட்டும் பெரியவங்க விளையாட்டு ஆகிடுச்சு! 2022 ஜனவரி 1 முதல் சட்டமே போச்சு. மிஞ்சினது, பெற்றோரோ பிள்ளையோ கேட்டுக்கிட்டா நேரத்தைக் குறிச்சுத் தர்ற ஏற்பாடு.

பத்து வருஷம் ஊரைச் சுத்திட்டு, சாவி வீட்டுக்கே திரும்பி வந்துடுச்சு.

காலைல பையனைக் கேட்டேன், "என் போன் பாஸ்வேர்டு எப்படிடா தெரியும்?"

"தினம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஹால்ல உக்காந்து பாக்குறீங்களேப்பா. தண்ணி குடிக்க வர்றப்போ தெரிஞ்சுது."

பதில் சொல்ல வாயில்லை. இன்னிக்கு ராத்திரிலேர்ந்து பதினோரு மணிக்கு ரெண்டு போனும் அலமாரிக்குள்ள. முதல்ல வைக்கப் போறது என்னோடது.