மணிமுத்தாற்றங்கரையின் வாக்கு: விருத்தாசலம் தொகுதி வரலாறு

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையும் கடலூரிலிருந்து சேலத்துக்குப் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் வேப்பூர் கூட்டுரோடு. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் விருத்தாசலம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மேட்டுக்காடுகள், வெள்ளிக்கிழமைதோறும் விடியும் முன்பே கூடிவிடும் ஆட்டுச் சந்தை, அதைக் கடந்து போனால் பழமலைநாதர் கோயில் கோபுரங்கள். இந்தச் சீமையின் அரசியல் வரலாறு நம் பிள்ளைகளுக்குத் தொகுப்பாகச் சொல்லப்பட்டதில்லை. பெரியவர்கள் திண்ணையில் பேசியதும், பழைய சுவரொட்டிகளில் நின்று மங்கியதும் இந்த மலரிலாவது ஓரிடத்தில் பதிவாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடியாட்சியின் வேர் நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் வெகு ஆழத்தில் ஓடுகிறது. 1920இல் சென்னை மாகாணத்தில் முதன்முறையாக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைக் கொண்ட அமைச்சரவை அமைந்தபோது அதற்குத் தலைமை தாங்கியவர் தென்னார்க்காட்டுக்காரரான அ. சுப்பராயலு ரெட்டியார். ஆனால் அன்று வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே. காட்டில் களை பறித்தவர்களுக்கும், ஏர் பிடித்த கூலியாட்களுக்கும், சேரியில் வாழ்ந்தவர்களுக்கும், வீட்டுப் பெண்களில் மிகப் பலருக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. நம் முன்னோர் பெரும்பாலோர் முதன்முதலாக வாக்குச் சாவடிக்குள் கால் வைத்தது 1952இல்தான்.

அந்த முதல் பொதுத் தேர்தலின் அருமையை இன்று சொல்லிப் புரிய வைப்பது கடினம். அப்போது வாக்குச் சீட்டில் முத்திரை குத்தும் வழக்கமில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். வாக்காளர் மறைப்புக்குள் போய்த் தமக்கு வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். எழுத்தறியாத லட்சக்கணக்கானவர்கள் படத்தைப் பார்த்து வாக்களித்தார்கள். மாட்டு வண்டிப் பாதையைத் தவிர வேறு வழியில்லாத ஊர்களிலிருந்து மக்கள் நடந்தே சாவடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதுவரை ஊர்ப் பொது விஷயத்தில் கருத்துக் கேட்கப்படாத ஒருவருக்கும், ஊர்ப் பெரிய மனிதருக்கும் ஒரே அளவுச் சீட்டு தரப்பட்டது. நம் தொகுதியின் பிறந்த நாள் என்று ஒன்றைக் குறிக்கச் சொன்னால் அந்த நாளைத்தான் குறிப்பேன்.

அதே தேர்தலில் தென்னார்க்காடு நாடு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி ஒன்றைச் செய்தது. எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் தொடங்கிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, பெரிய பணபலமோ பத்திரிகை பலமோ இல்லாமல், 19 சட்டமன்ற இடங்களைப் பிடித்தது. உழவர் குடியிலிருந்து எழுந்த ஓர் இயக்கம் காங்கிரஸ் பேரியக்கத்தை அதன் செல்வாக்கு உச்சத்தில் இருந்தபோதே எதிர்த்து நின்று வென்றது. 1954இல் காமராசர் முதலமைச்சரானபோது படையாட்சியாரும் அமைச்சரானார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இன்று அவருக்கு மணிமண்டபம் நிற்கிறது. மாநிலக் கட்சிகளின் கணக்கில் சிறியவை என்று எழுதப்படுகிறவை தங்கள் முதல் வெற்றியைத் தேடி இம்மண்ணுக்கு வருவது அன்று தொடங்கிய வழக்கம். பின்னர் வந்த வரலாறு முழுவதும் அதையே பார்க்கிறோம்.

1957 தேர்தலில் விருத்தாசலம் ஒரு சுயேச்சையைத் தேர்ந்தெடுத்தது. அவர் எம். செல்வராஜ். அதே செல்வராஜ் 1971இல் தி.மு.க. வேட்பாளராக நின்று மீண்டும் வென்றார். இரண்டு வெற்றிகளுக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள். தோற்றவரையும் காத்திருந்தவரையும் மறக்காத தொகுதி இது.

இடைப்பட்ட காலம் ஜி. பூவராகனுடையது. 1962இல் காங்கிரஸ் சார்பில் வென்ற அவர் காமராசர் அமைச்சரவையிலும், அதன் பின் பக்தவத்சலம் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். விருத்தாசலத்துக்காரர் ஒருவர் கோட்டையில் அமைச்சர் நாற்காலியில் அமர்ந்த பெருமை இவ்வூருக்கு அவரால் கிடைத்தது. ஆனால் அவருடைய பெயர் மாநில வரலாற்றில் நிலைத்தது 1967இல். அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும் சேர்ந்து காங்கிரஸைப் புரட்டிப் போட்ட தேர்தல் அது. விருதுநகரில் காமராசரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார். மற்ற அமைச்சர்களும் வரிசையாக வீழ்ந்தார்கள். அமைச்சராக இருந்து போட்டியிட்டவர்களில் வென்று திரும்பியவர் பூவராகன் ஒருவரே. அண்ணா தலைமையில் புதிய ஆட்சி அமைந்த அந்த அவையில், எதிர்வரிசையில், விருத்தாசலத்தின் உறுப்பினர் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்தத் தேர்தலில் அண்ணாவுக்காக உழைத்த நம் ஊர்த் தொண்டர்களும் பூவராகனை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அறுபது, எழுபதுகளில் தொகுதியின் முகமும் மாறியது. நெய்வேலியில் த. ஜம்புலிங்க முதலியார் கொடுத்த நிலத்தின் மீது பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் எழுந்தது. நிலக்கரிக்கு மேலே கிடந்த வெண்களிமண் விருத்தாசலத்துக்குப் புதிய பிழைப்பைக் கொண்டுவந்தது. சிறுதொழிற் பேட்டையில் சூளைகள் எழுந்தன. செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமா தரும் அரசுப் பயிலகமும், அரசின் செராமிக் நிறுவனமான டாசெலும் வந்தன. மின்சார ஃபியூஸ் கட்டைகள், பீங்கான் குவளைகள், அகல் விளக்குகள், கொலு பொம்மைகள் என்று இங்கே சுட்டெடுத்தவை மாநிலமெங்கும் போயின. காட்டு வேலை மட்டுமே தெரிந்த குடும்பங்களிலிருந்து பெண்கள் அச்சு ஊற்றவும், மெருகு பூசவும், பொம்மைக்குக் கண் எழுதவும் கற்றுக்கொண்டார்கள். சூளையின் வெக்கையில் நின்று உழைத்த அந்தத் தலைமுறைதான் விருத்தாசலத்தைச் செராமிக் நகரம் என்று பிறர் சொல்லும்படி செய்தது. வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலை, முந்திரி ரகங்கள் வி.ஆர்.ஐ. என்ற பெயருடன் வெளிமாவட்டக் காடுகளிலும் விளைந்தன. அந்த மூன்று எழுத்தும் நம் ஊரின் பெயர்தான். இனித் தொகுதிக்கு வாக்குக் கேட்டு வருகிறவர் உழவரிடம் மட்டுமின்றித் தொழிலாளியிடமும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

1977இல் எம்.ஜி.ஆர். முதன்முதலாக ஆட்சியைப் பிடித்தபோது அ.தி.மு.க.வின் சி. ராமநாதன் இங்கு வென்றார். 1980இல் எம்.ஜி.ஆர். மீண்டும் வென்றாலும் விருத்தாசலம் இந்திரா காங்கிரஸின் ஆர். தியாகராஜனை அனுப்பியது. 1984இல், இந்திரா காந்தி கொல்லப்பட்ட துயரமும் எம்.ஜி.ஆர். நோயுற்றிருந்த கவலையும் சூழ நடந்த தேர்தலிலும் அவரே வென்றார்.

எண்பதுகளின் இறுதி இந்த மாவட்டத்துக்குக் கண்ணீர்க் காலம். இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் 1987 செப்டம்பரில் நடத்திய ஒரு வார சாலை மறியலில் 21 உயிர்கள் பலியாயின. அந்தத் தியாகத்தின் பயனாக 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு தனி ஒதுக்கீடு கிடைத்தது. அவ்வாண்டிலேயே மருத்துவர் ச. ராமதாஸ் பாட்டாளி மக்கள் கட்சியைத் தொடங்கினார். இன்று நம் வட்டாரத்தில் பட்டப் படிப்பு முடித்து அரசுப் பணியில் இருக்கும் எத்தனையோ பேரின் வாழ்க்கைக்குப் பின்னால் அந்த மறியலில் நின்ற தந்தையர் இருக்கிறார்கள்.

1989 ஜனவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் பூவராகன் மறுபடியும் வந்தார், இம்முறை ஜனதா தளத்தின் சார்பில். முதல் வெற்றிக்கும் இதற்கும் இடையில் இருபத்தேழு ஆண்டுகள். கட்சி மாறியிருந்தது, சின்னம் மாறியிருந்தது, புதிய தலைமுறை வாக்காளர் வந்திருந்தனர். மனிதரைத் தொகுதி அடையாளம் கண்டுகொண்டது. 1991இல் அ.தி.மு.க.வின் ஆர்.டி. அரங்கநாதன் வென்றார். 1993இல் பழைய தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்தபோது விருத்தாசலம் கடலூரைத் தலைநகராகக் கொண்ட புதிய மாவட்டத்தில் சேர்ந்தது.

1996 தேர்தலில் தி.மு.க., த.மா.கா. கூட்டணி மாநிலத்தையே வாரிக்கொண்டு போனது. அந்த வேகத்திலும் பா.ம.க. நான்கு இடங்களில் நிலைத்து நின்றது. அந்த நான்கில் ஒன்று விருத்தாசலம். வென்றவர் மருத்துவர் ஆர். கோவிந்தசாமி, 2001இலும் அவரே வென்றார்.

2001ஐப் பேசும்போது நம் மேற்கு எல்லையைத் தாண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. அடுத்த தொகுதியான மங்களூர் தனித் தொகுதி. தேர்தலையே புறக்கணித்து வந்த விடுதலைச் சிறுத்தைகள் 1999இல்தான் தேர்தல் களத்துக்கு வந்தார்கள். அவர்களின் தலைவர் தொல். திருமாவளவன் முதன்முதலாகச் சட்டமன்ற உறுப்பினரானது 2001இல், இந்த மங்களூரில், தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில். 2004இல் அவர் அப்பதவியைத் தாமே துறந்தார். 2006இல் விடுதலைச் சிறுத்தைகளின் கு. செல்வப்பெருந்தகை அங்கு வென்றார். நூற்றாண்டுகளாகக் குரல் மறுக்கப்பட்ட மக்கள் தங்கள் பிரதிநிதியைத் தங்கள் கட்சியிலிருந்தே அனுப்பிய அந்த நாள்கள் இந்தச் சீமைக்கு என்றும் பெருமை. பின்னர் தொகுதி மறுசீரமைப்பில் மங்களூர் என்ற தொகுதிப் பெயர் மறைந்து 151ஆம் எண்ணுடைய திட்டக்குடி வந்தது, விருத்தாசலம் 152ஆனது.

இப்போது 2006. மதுரையில் 2005 செப்டம்பரில் தே.மு.தி.க.வைத் தொடங்கி எட்டு மாதம்கூட ஆகாத நிலையில் நடிகர் விஜயகாந்த் எந்தக் கூட்டணியிலும் சேராமல் மாநிலமெங்கும் வேட்பாளர்களை நிறுத்தினார். தாம் நிற்பதற்குத் தேர்ந்தெடுத்த இடம் விருத்தாசலம். பிறந்த ஊர் மதுரை. வாழ்ந்த ஊர் சென்னை. அரசியல் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது விளங்கவில்லை. பா.ம.க. இரண்டு முறை தொடர்ந்து வென்ற கோட்டை. எதிரில் நின்றவர் தொகுதியின் நடப்பு உறுப்பினர் கோவிந்தசாமி. மே மாத வெயிலில் திறந்த வண்டியில் ஊர் ஊராகப் போன விஜயகாந்தைப் பார்க்க, பொழுது சாய்ந்த பிறகும் மக்கள் தெருவில் நின்றார்கள். மே 11 அன்று எண்ணிக்கை முடிந்தபோது 13,000 வாக்குகளுக்கும் மேலான வித்தியாசத்தில் அவர் வென்றிருந்தார். தே.மு.தி.க. மாநிலத்தில் எட்டு விழுக்காட்டுக்கும் கூடுதலாக வாக்குகளைப் பெற்றும் வென்ற இடம் இந்த ஒன்றுதான். அக்கட்சியின் முதல் சட்டமன்ற உறுப்பினர் விருத்தாசலத்தின் உறுப்பினர். நடிகர் என்பதால் மட்டும் வென்றார் என்று எழுதியவர்களை நான் ஏற்கமாட்டேன். நடிகர்கள் பலர் பல தொகுதிகளில் நின்று தோற்றிருக்கிறார்கள். சாதிக் கணக்கைத் தாண்டி ஒரு புதியவருக்கு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்று நினைத்த வாக்காளரின் துணிவே அந்த வெற்றி.

2011இல் விஜயகாந்த் ரிஷிவந்தியத்துக்குப் போனார். 29 இடங்களுடன் எதிர்க்கட்சித் தலைவரானார். அந்த 29இல் விருத்தாசலமும் இருந்தது, வென்றவர் வி. முத்துக்குமார். திட்டக்குடியும் அதே அணியில் சேர்ந்து கே. தமிழழகனைத் தந்தது. 2016இல் விருத்தாசலத்தில் அ.தி.மு.க.வின் வி.டி. கலைச்செல்வனும், திட்டக்குடியில் தி.மு.க.வின் சி.வெ. கணேசனும் வென்றார்கள். 2023 டிசம்பர் 28 அன்று விஜயகாந்த் மறைந்தபோது, தங்களுக்கு ஐந்தாண்டு உறுப்பினராக இருந்தவர் என்ற உரிமையோடு இத்தொகுதி மக்கள் துக்கம் அனுசரித்தார்கள்.

தேர்தல்களை நடத்திக் கொடுத்தவர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாவடி அலுவலராகப் போன ஆசிரியர்கள், பெட்டியைக் காவல் காத்த போலீசார், பட்டியலைத் திருத்திய கிராம அலுவலர்கள், மறுநாள் விடியும்வரை சீட்டுகளைப் பிரித்து எண்ணியவர்கள். 2001இல் மாநிலம் முழுவதும் மின்னணு இயந்திரம் வந்தது. அத்துடன் அந்த இரவு எண்ணிக்கைகள் முடிந்தன. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் தங்கள் குறையைப் பிராதாக எழுதிக் கட்டி நியாயம் கேட்கும் மக்கள், அதே நம்பிக்கையோடுதான் வாக்குச் சாவடியிலும் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

2021 ஏப்ரல் 6ஆம் நாள் கொரோனா அச்சத்தின் நடுவே தேர்தல் நடந்தது. வாயிலில் உடல் வெப்பம் பார்த்து, கையுறை கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். தே.மு.தி.க. சார்பில் பிரேமலதா விஜயகாந்த் நின்றதால் மாநிலத்தின் கண் மீண்டும் இங்கே திரும்பியது. காங்கிரஸின் எம்.ஆர்.ஆர். ராதாகிருஷ்ணன் 77,064 வாக்குகளும், பா.ம.க.வின் ஜே. கார்த்திகேயன் 76,202 வாக்குகளும் பெற்றார்கள். இடைவெளி 862. ஒரே ஒரு வாக்குச் சாவடியின் பட்டியலுக்குள் அடங்கிவிடும் எண்ணிக்கை அது. பூவராகன் இங்கு காங்கிரஸ் சார்பில் முதலில் வென்று அப்போது ஐம்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. திட்டக்குடியில் மீண்டும் வென்ற சி.வெ. கணேசன் தொழிலாளர் நலன், திறன் மேம்பாட்டுத் துறையின் அமைச்சராகப் பொறுப்பேற்றார்.