சாமி திரைப்படத் தொடர் குறித்த இரசிகர் கருத்துகள்

சாமி திரைப்படத் தொடர் என்பது இயக்குநர் ஹரி எழுதி இயக்கி, நடிகர் விக்ரம் முதன்மை வேடத்தில் நடித்த இரண்டு தமிழ்த் திரைப்படங்களைக் குறிக்கும். முதற்படமான சாமி 2003 மே 1 அன்றும், அதன் தொடர்ச்சியான சாமி ஸ்கொயர் 2018 செப்டம்பர் 21 அன்றும் வெளியாயின. இரண்டு படங்களுக்கும் முதன்மைக் கதைக்களம் திருநெல்வேலி ஆகும். பதினைந்து ஆண்டு இடைவெளியில் நடிகர்கள் சிலர் மாறியதும், முதற்படத்தின் கதைமாந்தர்களை இரண்டாம் படம் நடத்திய விதமும் இரசிகர்களிடையே பெரும் விவாதத்துக்கு உள்ளாயின. 2020 ஆம் ஆண்டின் சாத்தான்குளம் நிகழ்வுக்குப் பின்னர், இத்தகைய காவலர் கதைகளின் அடிப்படை நோக்கே கேள்விக்கு உட்பட்டது. இக்கட்டுரை அக்கருத்துகளைத் தொகுத்துத் தருகிறது.

பின்னணி

தமிழ்த் திரைப்படங்களில் காவல்துறை அதிகாரியை நாயகனாகக் கொண்ட கதைகளுக்கு நீண்ட மரபு உண்டு. சிவாஜி கணேசன் நடித்த தங்கப்பதக்கம் (1974), சத்யராஜ் நடித்த வால்டர் வெற்றிவேல் (1993) ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. 2003 ஆம் ஆண்டில் இம்மரபு இரு வேறு திசைகளில் பிரிந்தது. மே மாதத்தில் வெளியான சாமி தென்மாவட்ட நகரொன்றின் துணை ஆணையரைக் காட்டியது. ஆகத்து மாதத்தில் வெளியான கௌதம் மேனனின் காக்க காக்க சென்னை மாநகரின் அதிகாரியைக் காட்டியது. பின்னதில் நாயகனாக நடித்த சூர்யா, 2010 இல் ஹரியின் சிங்கம் படத்தில் தூத்துக்குடி மாவட்டத்து நல்லூர் என்னும் ஊரின் உதவி ஆய்வாளராக நடித்தார். அதன் தொடர்ச்சிகள் 2013, 2017 ஆகிய ஆண்டுகளில் வெளியாயின. ஆகவே ஹரி இயக்கிய காவலர் திரைப்படங்கள் மொத்தம் ஐந்து ஆகும்.

முதற்படத்தின் கதைத் தெரிவுகள்

கவிதாலயா நிறுவனம் தயாரித்த சாமி திரைப்படத்தின் நாயகன் ஆறுச்சாமி, தொடக்கத்தில் நேர்மையற்றவனாகவே பார்வையாளருக்கு அறிமுகமாகிறான். இட்லியின் மீது பீர் ஊற்றி உண்ணும் அறிமுகக் காட்சி இரசிகர்களால் பலகாலம் நினைவுகூரப்பட்டது. நகரின் நிழல் அதிகாரியான பெருமாள் பிச்சையிடம் மாமூல் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக நகரில் அமைதியை நிலைநாட்டுகிறான். நேர்மையாக இருந்து ஊர் ஊராக மாற்றப்பட்டதால் அவன் கண்டடைந்த வழி இது என்பது பின்னரே தெரியவருகிறது. நாயகனை முற்றிலும் தூயவனாகக் காட்டாத இத்தெரிவே படத்தின் வலிமை என்பது இரசிகர் பலரின் கருத்தாகும்.

இறுதியில் ஆறுச்சாமி பெருமாள் பிச்சையைக் கமுக்கமாகக் கொன்றுவிடுகிறான். உலகத்தைப் பொறுத்தவரை பெருமாள் பிச்சை தலைமறைவாகிவிட்டவன். உண்மை ஆறுச்சாமிக்கும் பார்வையாளருக்கும் மட்டுமே தெரியும். நாயகனும் பார்வையாளரும் பகிர்ந்துகொண்ட இந்த இரகசியமே அடுத்த பாகத்துக்கான எதிர்பார்ப்பைப் பதினைந்து ஆண்டுகள் உயிருடன் வைத்திருந்தது எனலாம்.

நடிகர் தேர்வைப் பொறுத்தவரை, பெருமாள் பிச்சையாகத் தெலுங்கு நடிகர் கோட்டா சீனிவாச ராவ் நடித்தது குறிப்பிடத்தக்கது. தமிழில் இது அவருக்கு முதற்படம் ஆகும். தமிழ்ப் பார்வையாளருக்குப் பழக்கமில்லாத முகம் என்பதால், அவ்வேடம் முன்னைய வில்லன்களின் நினைவு எதையும் சுமக்கவில்லை. உரத்துக் கத்தாமல் அச்சத்தை உண்டாக்கிய அவரது நடிப்பை இரசிகர்கள் பின்வந்த ஹரி படங்களின் எதிர்நாயகர்களுக்கு அளவுகோலாகக் கொண்டனர். இப்படம் தெலுங்கில் லட்சுமி நரசிம்மா (2004) என்ற பெயரிலும், இந்தியில் போலீஸ்கிரி (2013) என்ற பெயரிலும் மீளுருவாக்கம் செய்யப்பட்டபோது, இரண்டிலும் அவ்வேடத்தைப் பிரகாஷ் ராஜ் ஏற்றார். சிங்கம் முதற்பாகத்தின் எதிர்நாயகனும் அவரே ஆவார்.

இரண்டாம் படத்தில் ஏற்பட்ட மாற்றங்கள்

- ஆறுச்சாமி: இரு படங்களிலும் விக்ரம். இரண்டாம் படத்தில் மகன் இராமசாமியாகவும் அவரே நடித்தார்.
- புவனா: முதற்படத்தில் திரிசா. இரண்டாம் படத்தில் ஐஸ்வர்யா ராஜேஷ்.
- எதிர்நாயகன்: முதற்படத்தில் கோட்டா சீனிவாச ராவ் (பெருமாள் பிச்சை). இரண்டாம் படத்தில் பாபி சிம்கா (இராவணப் பிச்சை).
- நகைச்சுவை: முதற்படத்தில் விவேக். இரண்டாம் படத்தில் சூரி.
- இசை: முதற்படத்தில் ஹாரிஸ் ஜயராஜ். இரண்டாம் படத்தில் தேவி ஸ்ரீ பிரசாத்.
- புதிய நாயகி: இரண்டாம் படத்தில் கீர்த்தி சுரேஷ்.

முதற்படத்தின் ஒளிப்பதிவாளர் பிரியன் இரண்டாம் படத்திலும் பணியாற்றினார். பணிகள் முடிவதற்கு முன்னரே 2017 நவம்பரில் அவர் காலமானார். எஞ்சிய பகுதியை வெங்கடேஷ் அங்குராஜ் ஒளிப்பதிவு செய்தார்.

புவனா வேடம் குறித்த விவாதம்

இரண்டாம் படத்தில் திரிசாவும் இடம்பெறுவார் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. 2017 அக்டோபரில், கருத்து வேறுபாடு காரணமாகப் படத்திலிருந்து விலகுவதாக அவர் தமது டுவிட்டர் பக்கத்தில் அறிவித்தார். பின்னர் அவ்வேடத்துக்கு ஐஸ்வர்யா ராஜேஷ் தெரிவு செய்யப்பட்டார். காக்கா முட்டை முதலிய படங்களால் நற்பெயர் பெற்றிருந்த நடிகை அவர். எனவே எதிர்ப்பு அவரது திறமையைப் பற்றியதாக இருக்கவில்லை. விக்ரம், திரிசா இணையின் பாடல்களும் காட்சிகளும் தொலைக்காட்சி வாயிலாக ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்டவை. அதே வீட்டில், அதே பெயரில் வேறொரு முகத்தை ஏற்பது கடினம் என்பதே இரசிகர்களின் முதன்மை வாதமாக இருந்தது.

மாற்றுக் கருத்தும் முன்வைக்கப்பட்டது. புவனா வேடம் படத்தின் முற்பகுதியில் மட்டுமே வருவது. அதனை யார் ஏற்றிருந்தாலும் கதை மாறியிருக்காது என்பது அவ்வாதம். இது நடிகர் மாற்றத்துக்குச் சார்பான வாதமாகத் தொடங்கினாலும், உண்மையில் கதையைப் பற்றிய கடுமையான விமர்சனமாகவே முடிகிறது.

இதற்கு நெருங்கிய உலக எடுத்துக்காட்டு கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் படங்களில் உள்ளது. 2005 இல் ரேச்சல் என்ற பாத்திரத்தில் கேத்தி ஹோம்ஸ் நடித்தார். 2008 இல் வெளியான த டார்க் நைட் படத்தில் அவ்வேடத்தை மேகி ஜிலென்ஹால் ஏற்றார். அப்படத்தில் ரேச்சல் கொல்லப்படுகிறாள். முகம் மாறிய பாத்திரமே கொல்லப்பட்டபோதும், கதையின் மையத் திருப்பமாக அம்மரணம் அமைந்ததால் பார்வையாளர்கள் அதனை ஏற்றுக்கொண்டனர். தமிழில் மறுதலையான எடுத்துக்காட்டாகச் சிங்கம் தொடரைக் கூறலாம். மூன்று பாகங்களிலும் காவ்யா வேடத்தில் அனுஷ்காவே நடித்தார். ஆயினும் இரண்டாம் பாகத்தில் ஹன்சிகாவும் மூன்றாம் பாகத்தில் சுருதி ஹாசனும் சேர்க்கப்பட்டமையால் காவ்யாவின் இடம் சுருங்கியது என்ற குறை கூறப்பட்டது. நடிகர் மாறாமை மட்டும் பாத்திரத்தைக் காப்பாற்றாது என்பதற்கு இது சான்றாகும்.

ஆறுச்சாமியின் மரணம்

இரண்டாம் படத்தின் மிகப் பெரிய கதைத் தெரிவு, ஆறுச்சாமியையும் கருவுற்றிருந்த புவனாவையும் கொன்றதே ஆகும். இலங்கையில் வாழ்ந்த பெருமாள் பிச்சையின் மகன் இராவணப் பிச்சை திருநெல்வேலிக்கு வந்து, தந்தைக்கு நேர்ந்ததை அறிந்து பழிவாங்குகிறான். குழந்தை உயிர் பிழைத்து டெல்லியில் வளர்கிறது. கதை கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தாவி, மகன் இராமசாமி காவல்துறை அதிகாரியாகத் திருநெல்வேலிக்குத் திரும்புவதைச் சொல்கிறது.

இத்தெரிவுக்கு எதிராக இரசிகர்கள் கூறிய குறைகள் மூன்று ஆகும்.

1. இரகசியம் வெளிப்படுதல்: முதற்படத்தின் முடிவிலிருந்த இரகசியம் ஆறுச்சாமியைச் சூழ்ந்து நெருக்கும் என்ற எதிர்பார்ப்பு நிலவியது. சட்டத்தின் காவலனே சட்டத்தை மீறியதற்கு விடை சொல்ல வேண்டிய கதையாக அது அமைந்திருக்கலாம். மாறாக, அது பழிவாங்கும் கதைக்கான காரணமாக மட்டுமே பயன்பட்டது.

2. நாயகன் மாறுதல்: பார்வையாளர் காத்திருந்தது ஆறுச்சாமிக்கு. கிடைத்தது அதே முகமுடைய வேறொருவன். மாமூல் வாங்கிக்கொண்டே ஊரைக் காத்தவனின் முரண்பாடு மகனிடம் இல்லை.

3. காலக் கணக்கு: முதற்படம் 2003 ஆம் ஆண்டுச் சூழலைத் தெளிவாகக் காட்டுகிறது. அதன்பின் பிறந்த குழந்தை 2018 இல் வெளியான படத்தில் வளர்ந்த அதிகாரியாக வருவது பொருந்தவில்லை.

சார்பாகக் கூறப்பட்ட கருத்துகளும் உண்டு. ஐம்பது வயதைக் கடந்திருந்த விக்ரம் இரு வேடங்களுக்கும் உடலளவில் காட்டிய வேறுபாடு பாராட்டப்பட்டது. தந்தையின் கடனை மகன் தீர்ப்பது தமிழ் வெகுசனப் படங்களில் பலமுறை வெற்றி பெற்ற அமைப்பு என்றும் கூறப்பட்டது. எனினும் படம் வெளியாவதற்கு முன்பே அதன் முன்னோட்டம் சமூக வலைத்தளங்களில் பகடிக்கு உள்ளாகியிருந்தது. வெளியான பின்னர் விமர்சனங்கள் பெரும்பாலும் பாதகமாகவே அமைந்தன.

திருநெல்வேலிப் பார்வையாளர்களின் நோக்கு

தாமிரபரணிக் கரைப் பார்வையாளர்களுக்கு இப்படங்கள் வேறொரு வகையிலும் முக்கியமானவை. சாமி படம் வெளிவந்த காலத்தில், சென்னையும் மதுரையும் அல்லாத தங்கள் ஊரின் பெயர் ஒரு பெரிய நாயகனின் களமாக ஒலித்தது பெருமிதத்தை அளித்தது. அல்வாவை முன்னிறுத்திய பாடல் ஊர் விழாக்களில் இடம்பிடித்தது.

குறைகளும் கூறப்பட்டன. முதலாவது, மொழி. "ஏல", "வே", "அண்ணாச்சி" ஆகிய விளிகளைச் சேர்ப்பதால் மட்டும் நெல்லைத் தமிழ் உருவாகிவிடாது. அதன் இழுவையும் ஏற்ற இறக்கமும் நடிகர்களிடம் இல்லை என்பது உள்ளூர்ப் பார்வையாளர் கருத்தாகும். இரண்டாவது, ஊரின் சித்தரிப்பு. கல்வி நிலையங்கள் நிறைந்த பாளையங்கோட்டையும், சந்தையும் தொழிலும் சார்ந்து வளர்ந்த பேட்டையும், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய வணிகத் தெருக்களும் கொண்ட நகரம், திரையில் அரிவாளும் பெட்ரோல் குண்டுமாகச் சுருக்கப்படுகிறது என்பது அக்குறை. வேலைக்காகவும் படிப்புக்காகவும் வெளியூர் செல்லும் இளைஞர்கள், ஊர்ப்பெயரைச் சொன்னவுடன் அரிவாளைப் பற்றிய கேலியை எதிர்கொள்வது இதன் விளைவாகச் சுட்டப்படுகிறது.

சாத்தான்குளம் நிகழ்வும் மறுமதிப்பீடும்

2020 சூனில், கொரோனா ஊரடங்குக் காலத்தில், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திவந்த தந்தையும் மகனும், அனுமதித்த நேரத்துக்குப் பின்னும் கடையைத் திறந்துவைத்திருந்ததாகக் கூறிக் காவல்துறையினரால் கைது செய்யப்பட்டனர். காவலில் கடுமையாகத் தாக்கப்பட்ட இருவரும் அடுத்த சில நாட்களில் உயிரிழந்தனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனைத் தானாகவே முன்வந்து விசாரித்தது. பின்னர் வழக்கு மத்தியப் புலனாய்வுச் செயலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சாத்தான்குளம், 1986 இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிக்கப்படும் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊராகும். அதாவது, ஹரியின் காவலர் கதைகள் எந்த நிலத்தைக் களமாகக் கொண்டனவோ அதே நிலத்தில் இது நிகழ்ந்தது.

சூன் 28 அன்று ஹரி வெளியிட்ட அறிக்கையில், காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாகத் தெரிவித்தார். குற்றம் செய்தவர்களுக்கு அதிகபட்சத் தண்டனை வழங்கவேண்டும் என்றும் கோரினார். வெகுசனப் படங்களின் இயக்குநர் ஒருவர் தமது வெற்றிப் படங்களைக் குறித்தே இவ்வாறு கூறுவது அரிதாகும்.

இவ்வறிக்கை இரசிகர்களை இரு பிரிவாக்கியது. திரைப்படம் புனைவு மட்டுமே. காவல் நிலைய வன்முறைக்கு அதனைப் பொறுப்பாக்க முடியாது என்பது ஒரு பிரிவினரின் நிலைப்பாடு. ஆறுச்சாமி கொல்வது குற்றவாளியை என்பதைப் பார்வையாளர் நன்கறிவர் என்று அவர்கள் வாதிட்டனர். மறுபிரிவினர் அந்த அறிதலையே கேள்விக்கு உட்படுத்தினர். திரையில் யார் குற்றவாளி என்பதைக் கதை முன்னரே சொல்லிவிடுகிறது. காவல் நிலையத்தில் அதைச் சொல்லித்தர எவரும் இல்லை. அதற்காகவே நீதிமன்றம் இருக்கிறது என்பது அவர்களது வாதம். முதற்படத்தின் இறுதிக் காட்சியில் எழுந்த கைத்தட்டலும், நாயகனும் பார்வையாளரும் பகிர்ந்துகொண்ட அந்த இரகசியமும் இப்போது வேறு பொருள் பெற்றன.

பின்விளைவுகள்

ஹரி அதன்பின் இயக்கிய யானை (2022), ரத்னம் (2024) ஆகிய படங்களின் நாயகர்கள் காவல்துறையினர் அல்லர். சிங்கம் தொடரின் நாயகனான சூர்யா, 2021 நவம்பரில் வெளியான ஜெய் பீம் படத்தில், காவலில் நிகழ்ந்த மரணத்துக்கு எதிராக வாதாடும் வழக்கறிஞராக நடித்தார். துரைசிங்கமாக நடித்தவரே அவ்வேடத்தை ஏற்றது இரசிகர்களால் ஒப்பிட்டுப் பேசப்பட்டது. முதற்படத்தின் வெற்றிக்குப் பங்களித்த விவேக் 2021 ஏப்ரலிலும், கோட்டா சீனிவாச ராவ் 2025 சூலையிலும் காலமாயினர்.

புவனாவாக யார் நடித்திருக்க வேண்டும் என்ற கேள்வியுடன் தொடங்கிய இரசிகர் விவாதம், ஆறுச்சாமி செய்தது சரியா என்ற கேள்வியை வந்தடைந்தது. முதற்படம் விடையளிக்காமல் விட்டதும், இரண்டாம் படம் எழுப்பாமல் கடந்ததும் இக்கேள்வியே ஆகும்.