லயத்தில் வளர்ந்த பண்டிகைகள்



தோட்டத்தின் வரலாற்றைப் பேசும்போது ரப்பர் வந்த கதையைச் சொல்கிறோம். கங்காணி வந்த கதையைச் சொல்கிறோம். நம் பெரியவர்களோடு கப்பலேறி வந்த பண்டிகைகளின் கதையை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறோம். இன்று அதைச் சற்றுப் பார்ப்போம்.

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. அதன்பின் கங்காணி முறையே ஓங்கி நின்றது. உதவிப் பயணத்தில் தொழிலாளர் வருவதை 1938இல் இந்திய அரசு தடுக்கும் வரையில், கங்காணிமார் தத்தம் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் திரட்டி வந்தனர். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், ஆர்க்காடு ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள்; சிறு தொகையினர் கிறிஸ்தவர்கள். கிராணிகளாக வந்த மலையாளிகளிலும் யாழ்ப்பாணத்தாரிலும் கிறிஸ்தவர்கள் இருந்தனர்.

ஊரிலே அம்மன் கோயில் தெரு ஒருபுறம், மாதா கோயில் தெரு மறுபுறம் என்று இருந்திருக்கும். தோட்டத்திலோ லயம்! ஒரே கூரை, வரிசையாக வீடுகள், இடையிலே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் அதிரசம் வேகும் மணம் இந்தப் பக்கம் வராமல் இருக்குமா? விடியுமுன் இரு வீட்டாரும் ஒரே பிரட்டில் நின்றார்கள். ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தார்கள். சாதி கடல் கடக்கவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அது கடந்து வந்தது. சில தோட்டங்களில் லயத்தையே பிரித்து வைத்தது. ஆனால் மதத்துக்கு ஒரு லயம் என்று பிரித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

விடுமுறை விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கிறிஸ்துமஸ் துரைமாரின் பண்டிகை. ஆதலால் ஆட்சியாளரின் நாட்காட்டியில் அதற்கு எப்போதும் இடமிருந்தது. தீபாவளியோ, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1929இல்தான் பொது விடுமுறையாயிற்று. ஆனால் தோட்டத்துக் கிறிஸ்தவருக்கு அந்த நாட்காட்டியால் பெரிய நன்மை ஏதும் விளையவில்லை. பெரும்பாலான தோட்டங்களில் மாரியம்மன் கோயிலோ முனீஸ்வரர் கோயிலோ இருந்தது. தேவாலயம் இருந்த தோட்டங்கள் மிகக் குறைவு. பூசைக்குப் பட்டணம் போகவேண்டும். திரும்பி வந்தால் கொண்டாட்டத்துக்கு இருப்பவர்கள் பக்கத்து வீட்டு இந்துக்கள்தாம். அவர்கள் வராவிட்டால் பண்டிகையே இல்லை!

இனி, பலகாரத் தட்டுக்கு வருவோம். இதைச் சிறிய காரியம் என்று நினைக்கலாகாது. தீபாவளியன்று முன்னோருக்குப் படைப்பது நம் மக்களின் வழக்கம். படைத்த பண்டத்தைச் சில கிறிஸ்தவக் குடும்பத்தார் உண்ண மாட்டார்கள். கொடுத்ததை மறுத்தால் அண்டை வீட்டார் மனம் புண்படும். உண்டால் தங்கள் மனம் உறுத்தும். இது புதிய சிக்கலும் அன்று. பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலேயே இதைப்பற்றிப் பேசுகிறார். லயத்துப் பெண்கள் நிருபத்தை வைத்துக்கொண்டு வாதாடவில்லை. அடுப்பிலிருந்து முதலில் இறக்கியதில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்தார்கள். “அக்கா, இது சாமிக்குப் படைக்காதது, எடுத்துக்குங்க” என்ற ஒரு வாக்கியத்தோடு சிக்கல் தீர்ந்தது.

மறுபக்கத்திலும் இதே கவனம் இருந்தது. கிறிஸ்துமஸ் எப்போதும் மார்கழி மாதத்தில் வருகிறது. மார்கழியில் பல இந்து வீடுகளில் கறி மீன் கிடையாது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் இருந்தால் இன்னும் கட்டுப்பாடு. ஆகவே கிறிஸ்தவ வீட்டுத் தட்டில் முறுக்கும் நெய்யுருண்டையும் அச்சுமுறுக்கும் வந்தன. மாட்டிறைச்சி சமைப்பதைப் பண்டிகை நாளில் தவிர்த்த வீடுகளும் உண்டு. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவார்கள். அச்சுமுறுக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மலாய்க்காரர் இதனைக் குவே ரோஸ் என்பர். நோன்புப் பெருநாளிலும் சீனப் புத்தாண்டிலும்கூட இதைக் காணலாம். இது யாருடைய பலகாரம் என்று பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன விடை சொல்வது?

தை பிறந்தால் பொங்கல். அது உழவர் திருநாள் என்பதால் கிறிஸ்தவரும் தயக்கமின்றிப் பானை வைத்தனர். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பயனாகக் கத்தோலிக்கர் தத்தம் தாய்மொழியில் பூசை காண முடிந்தது. தேவாலய முற்றத்தில் பொங்கல் பொங்குவதும் இன்று புதுமையன்று.

பல தோட்டங்கள் கைமாறின. பல வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் இடிந்தன. ஒரே வரிசையில் வாழ்ந்தவர்கள் வெவ்வேறு பட்டணத்து அடுக்குமாடிகளில் சிதறினர். அங்கே சுவர் பலகையன்று, சிமெண்டு. வாசலில் இரும்புக் கதவு. மேல்மாடியில் இருப்பவர் மதம் எது என்பது மட்டுமன்று, பெயர் என்ன என்பதே தெரியாத நிலை. ‘திறந்த இல்ல உபசரிப்பு’ நல்ல வழக்கந்தான். என்றாலும் அது விருந்தாளியை நம் வீட்டுக்கு அழைக்கிறது. தட்டோ நம்மை அடுத்த வீட்டு வாசலுக்கு நடத்திச் சென்றது.

ஆயினும் ஓரிடத்தில் அந்தப் பழைய கலப்பை இன்றும் காணலாம். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில்தான் அது. 1888இல் எழுந்த பழைய தேவாலயம் இன்னும் அங்கே நிற்கிறது. ஜூலை 26ஐ ஒட்டிய திருவிழா நாள்களில் தமிழரும் சீனரும் திரளாகக் கூடுகின்றனர். அவர்களில் இந்துக்களுக்குக் குறைவில்லை. நேர்ந்துகொண்டபடி மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர். ஊற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட அதே கைகள்தாம். அந்தக் கூட்டத்தில், “நீங்க எந்தத் தோட்டம்?” என்று ஒருவரையொருவர் விசாரிக்கும் குரலையும் கேட்கலாம்.