பழைய சரிவின் மேல் லயங்கள்: ஊவாவில் மண்சரிவு ஆபத்து உருவான வரலாறு

2014 ஒக்டோபர் 29 காலை ஊவாவின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனபோது இரண்டு விளக்கங்கள் முன்வைக்கப்பட்டன. விடாத மழைதான் காரணம் என்றது ஒன்று. காட்டை அழித்துத் தேயிலை நட்ட காலனித்துவமே காரணம் என்றது மற்றது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும், மாண்ட முப்பதுக்கும் மேற்பட்டோர் ஏன் அந்தச் சரிவின் பாதையில் குடியிருந்தார்கள் என்பதற்கு இரண்டிலும் விடையில்லை. ஊவாவில் மலை சரிவது தோட்டங்களுக்கு முந்தியது. அது உயிர்ப்பலியாக மாறியதற்குக் காரணம் தோட்டமுறை மக்களைக் குடியமர்த்திய விதமும், அங்கிருந்து வெளியேற அவர்களுக்கு வழி வைக்காததும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அப்புத்தளையிலிருந்து பெரகலை, கொஸ்லந்தை வழியாகக் கிழக்கே நீளும் தெற்குச் செங்குத்துச் சரிவு இலங்கையின் மிக முக்கியமான நிலவடிவங்களில் ஒன்று. தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதும் இந்த விளிம்பில்தான். புவியியலாளர் டி. என். வாடியா 1945இல் இத்தீவின் மூன்று படிநிலச் சமவெளிகளைப் பிளவுகளின் வழியே மேலெழுந்த நிலத்துண்டுகளாக விளக்கினார். வெறும் அரிப்பே போதுமான காரணம் என்போரும் உண்டு. அந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும், விளிம்பு உதிர்ந்துகொண்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான உருமாறிய பாறை வெப்பமண்டல ஈரத்தில் ஆழமாகச் சிதைகிறது. சிதைந்த மண்ணும் பாறாங்கற்களும் காலந்தோறும் கீழிறங்கி அடிவாரத்தில் தளர்வாகக் குவிகின்றன. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையில் இக்குவியலின் துளைகளில் நீர் நிறைந்து அழுத்தம் ஏறும்போது துகள்களுக்கிடையிலான உராய்வுப் பிடி தளர்கிறது. அதன்பின் சாய்வுக்கு ஏற்ப நிலம் நகர்கிறது.

காலனித்துவத் தேயிலையே காரணம் என்ற விளக்கத்துக்கு இந்தப் படிவுகளே பதில். தோட்டங்களுக்கு முன்னரே மலை சரிந்திருக்கிறது. ஆகவே தேயிலையை மட்டும் குற்றம்சாட்ட முடியாது. 1840களில் ஊவாவுக்குள் பரவிய கோப்பியும், 1869இல் தொடங்கிய இலைநோய் அதை வீழ்த்திய பின் வந்த தேயிலையும் ஆழவேர்க் காட்டை அகற்றியது உண்மைதான். தோமஸ் லிப்டன் 1890இல் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கும்போது அப்புத்தளை மலைகளின் பெரும்பகுதி தோட்டமாகிவிட்டிருந்தது. ஆனால் தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டும் வேலையும் உண்டு. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் கான் மழைநீரை மண்ணுக்குள் இறங்க விடாமல் வெளியேற்றும். தூர்ந்துபோன கானோ அதே நீரைச் சரிவுக்குள்ளேயே இறக்கிவிடும். எனவே தேயிலையைவிடப் பராமரிப்பே பெரிய கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி லயம் எழுந்த இடம் பற்றியது. செங்குத்தான மலையில் வரிசையாக வீடு கட்ட ஓரளவு தட்டையான, நீர் கிடைக்கும் நிலம் வேண்டும். அப்படிப்பட்ட இடம் பல வேளைகளில் பழைய சரிவு வந்து தங்கிய மேடாகவே இருக்கும். ஊற்று இருப்பதும் அதனால்தான். துரையின் பங்களாவோ பெரும்பாலும் காட்சிக்காகவும் காற்றுக்காகவும் உறுதியான மலைமுனையில் எழுந்தது.

இந்த ஆபத்து அறியப்படாமல் இருந்ததா? இல்லை. 1986 ஜனவரியில் மலைநாட்டைத் தாக்கிய சரிவுகளுக்குப் பின், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு ஆபத்து வரைபடப் பணியைத் தொடங்கியது. பாறை, மண்ணின் தடிப்பு, சாய்வு, நீரோட்டம், நிலப் பயன்பாடு ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பிடும் முறை அது. மீரியபெத்தைக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அறிவியல் தன் கடமையைச் செய்தது என்றே சொல்ல வேண்டும்.

இங்கேதான் வலுவான மறுப்பு வருகிறது: எச்சரித்தும் மக்கள் போகவில்லையே, பிழை அவர்களுடையதல்லவா? போவதற்கு இடம் இருந்தால்தான் இக்கேள்விக்குப் பொருள் உண்டு. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. இந்த மாற்றங்கள் எதிலும் லயக்காம்பரா அதில் வாழ்ந்தவருக்குச் சொந்தமாகவில்லை. வீடு வேலையோடு கட்டுண்டிருந்தது. விற்க நிலமில்லை, அடகு வைக்க உறுதியில்லை. தோட்டத்துக்கு வெளியேயுள்ள சிங்களக் கிராமங்களும் சரிவில் அழிந்துள்ளனவே எனலாம். அழிந்துள்ளன, புவியியல் இனம் பார்ப்பதில்லை. ஆனால் தனக்கென ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவர் அதை விற்றோ பிரித்தோ நகரலாம். லயத்தில் இருப்பவர் நகர வேண்டுமானால் கம்பனியும் அரசும் சேர்ந்து காணி விடுவிக்க வேண்டும். மீரியபெத்தையில் தப்பியவர்கள் புதிய வீட்டுக்குப் போக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2023 மார்ச் 19இல் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் லயங்கள் மீண்டும் மண்ணில் அகப்பட்டன. மலையகக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற கொள்கை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டது. எந்தக் காணி என்பதை ஆபத்து வரைபடத்தை விரித்து வைத்துத் தீர்மானித்து, உறுதிப்பத்திரத்தோடு கொடுக்காதவரை எச்சரிக்கைக் கடிதம் லயத்துக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பத்தான் செய்யும்.