ஆதித்த கரிகாலன் கொலை: சரித்திர நாவலில்

சுந்தர சோழனின் மூத்த குமாரனும், வீரபாண்டியனின் தலைகொண்டவன் என்னும் விருதைத் தாங்கியவனுமாகிய ஆதித்த கரிகாலன் கொலையுண்டான் என்பதற்கு நேரான சாசனச் சான்று, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் ஆலயத்துக் கல்வெட்டேயாகும். முதலாம் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்ற அச்சாசனம், சோமன், அவன் தம்பியர் ரவிதாசன், பரமேசுவரன் முதலிய துரோகிகளுடைய நிலங்களும், அவர்தம் உறவினருடைய நிலங்களும் பறிமுதலாகி விலைப்பட்ட வரலாற்றைக் கணக்கர் நடையிற் கூறுகிறதேயன்றி, கொலை எங்ஙனம் நிகழ்ந்தது, எதன்பொருட்டு நிகழ்ந்தது என்பவற்றைப்பற்றி வாய் திறப்பதில்லை.

அந்த மௌனமே நாவலாசிரியனின் மூலதனமாயிற்று. கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னில், ஆசிரியர் கல்கி ரவிதாசனை மந்திரவாதியாக்கி, அவன் கூட்டத்தாரை மாண்ட பாண்டியனுக்காகப் பழிவாங்கச் சபதமேற்ற ஆபத்துதவிகளாக்கி, நள்ளிரவுக் காட்டிலே கூட்டி வைத்தார். ஆயின் கல்லில் உள்ளவர்களோ அரசாங்க விருது பெற்றவர்கள். ரவிதாசனுக்குப் ‘பஞ்சவன் பிரம்மாதிராஜன்’ என்பது பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல்லாதலின் கதைக்கு அதில் ஒரு பிடி கிடைக்கிறது. பரமேசுவரனுடைய பட்டமோ ‘இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன்’. அதனைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்பிவைப்பது எளிதன்று! சோழ அரண்மனைக்குள்ளேயே மூண்டிருக்கக்கூடிய கலகத்தை, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த வஞ்சமாக மாற்றியதே கல்கியின் பெரிய கற்பனை என்று கூறலாம்.

இம்மாற்றத்தால் பெரிதும் தப்பியவன் உத்தம சோழன். கரிகாலனுக்குப்பின் அவன் தம்பி இராசராசன் அரியணை ஏறாது, சிற்றப்பன் முறையினனான உத்தம சோழனே ஏறினமையையும், அவன் ஆட்சி முழுவதும் கடந்த பின்னரே பறிமுதல் ஆவணம் தோன்றுவதையும் சேர்த்து நோக்கிய நீலகண்ட சாஸ்திரியார் அவன்மீது ஐயங்கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். கல்கியோ, மதுராந்தகன் என வளர்ந்தவனை வேறொருவனாக்கி, பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனை உண்மையான உத்தம சோழனாக்கி, பழியின் நிழலும் அவன்மேற் படாமல் காத்தார். கதையில் கரிகாலன் மாளும் கடம்பூர் மாளிகையின் இருட்டிலே கத்தி வீசிய கை யாருடையது என்பதை மட்டும் அவர் தெளிவாகக் காட்டவில்லை. சாசனத்தினும் ஒருபடி அடக்கமாக அவர் நின்ற இடம் இதுவே.

கதையோ வீரநாராயண ஏரிக்கரையிலே தொடங்குகிறது. துரோகிகளின் நிலம் விலைப்பட்டதும் அவ்வேரியின் பெயர் பூண்ட வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்திலேதான்.